இருபத்திரண்டு வீட்டு ஆழம்

மே 18

நீர் 18 டிகிரி. காற்று மேற்கிலிருந்து, லேசாக. மீன் இரண்டு. இரண்டும் அடியில்.

இது இங்கே தூண்டில் போட வரும் டாக்டர் ஞானாதிக்கம் கொடுத்த மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் இருமல் மருந்துப் படம். "தண்ணி சூடு, காத்து, எந்தப் பூச்சிக்கு மீன் எடுத்துச்சு, மூணையும் தெனம் எழுதி வைங்க மருதை. ரெண்டு வருஷத்துல ஏரி உங்களுக்குப் புரிஞ்சிடும்" என்று ஜனவரியில் சொன்னார். மூன்றை மட்டும் எழுதத் தொடங்கி, இப்போது வீட்டில் வாங்கிய திட்டு வரைக்கும் எழுதுகிறேன்.

கோரைமட்டம் எஸ்டேட் ஏரிக்குக் காவலாளும் நான்தான், படகோட்டியும் நான்தான், விருந்தாளிகளுக்குத் தூண்டில் வழிகாட்டியும் நான்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ஓடையை மறித்து மண்கரை போட்டு டிரவுட் மீன் விட்ட ஏரி. ஐம்பத்து மூன்று வயதாகிறது, எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். சிறுத்தை, இடி, எஸ்டேட் மேனேஜர் துரை, டெலிபோன் எல்லாமே பயம்தான். இந்த எஸ்டேட்டில் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக் கேட்டால் நேராக என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள்.

என் மனைவி செல்லக்கிளி தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நாற்பது பெண்களை மேய்க்கிறாள், வீட்டில் என்னை ஒருவனை. இன்று வாசற்கதவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னாள். "பரண்ல ஒரு டப்பா வெள்ளப் பெயின்ட் கெடக்கே, பாதிக்கு மேல இருக்கு. எதுக்கு வாங்குனீங்க, வச்சு அழகு பாக்கவா?"

காய்ந்துபோய்விட்டது என்றேன். காயவில்லை. அவள் மலைக்குப் போனதும் டப்பாவை எடுத்துப் படகுக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

மே 19

நீர் 18. காற்று மேற்கு, நன்றாக. மீன் ஐந்து.

டாக்டர் கோவையிலிருந்து வந்தார். நாள் முழுவதும் படகு.

கோடையில் டிரவுட் மேலே வராது. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே மூச்சு முட்டிப்போகும் மீன் அது. குளிர்ச்சி தேடிக் கரைப் பக்கம் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த ஆழத்தில் படுத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஏரித் தூண்டிலில் பாதி வித்தை. மூழ்கும் நூலை வீசி, பூச்சியை இறங்க விட்டு, எண்ண வேண்டும். பூச்சி என்றால் கொக்கியில் இறகும் கம்பளியும் சுற்றி நான் கட்டுவது. எத்தனையாவது எண்ணில் மீன் தொட்டதோ, அடுத்த வீச்சிலும் அதுவரை விட்டு, பிறகு நூலை விரல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பூச்சி மேலே வந்துவிடும்.

எண்களைச் சொன்னால் எனக்கு வேகம் கூடிவிடுகிறது. பயந்த ஆள் எண்ணுவது அப்படித்தான். அதனால் வீடுகளைச் சொல்லி எண்ணுகிறேன். கரைக்குக் கீழே ஓடையோரமாக எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் இருபத்திரண்டு. பேச்சி வீடு, சோலை வீடு, கருப்பாயி வீடு என்று ஒவ்வொரு வாசலாக மனதுக்குள் நடந்து போனால் நிதானம் வந்துவிடும். கடைசி வீடு, மேட்டில் இருப்பது, எங்களுடையது. கரையோரத்தில் எங்கள் வீட்டைச் சொல்லும்போது பூச்சி சரியாகத் தரை தொடும். தண்ணீர் ஏறி இறங்கினால் ஒரு வீடு முன்பின் ஆகும், ஒன்பது வருடமாக அதற்கு மேல் மாறியதில்லை.

"இன்னிக்கு எந்த வீட்டுல மருதை?" என்றார் டாக்டர்.

"ஆரோக்கியம் வீட்ல சார். ஏழாவது."

ஐந்து மீனும் ஏழில்தான் எடுத்தன. சாயங்காலம் ஆரோக்கியத்திடம் சொன்னேன். "என் வீட்டுக்கு வந்த மீனை என்னைக் கேக்காம எப்பிடிண்ணே புடிப்பீங்க? பங்கு எங்க?" என்று வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஒன்றைக் கொடுத்தேன்.

டாக்டர் டைரியைப் புரட்டிப் பார்த்தார். "ஏப்ரல் பத்துல இருந்து பதினாலு வரைக்கும் காலியா இருக்கே?"

"காய்ச்சல் சார்" என்றேன். போயும் போயும் டாக்டரிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மே 21

நீர் 18. காற்று இல்லை. மழை அரை மணி நேரம்.

போன வருடம் இந்த வாரத்தில் தண்ணீர் வற்றி, 22 டிகிரிக்குப் போய், நாற்பத்து மூன்று மீன் வயிறு மேலாக மிதந்தன. கூடையில் அள்ளிக்கொண்டு காலைப் பெரட்டுக்கு வரச் சொன்னார் துரை. எல்லோரும் அன்றைய வேலை பிரித்து வாங்க நிற்கும் களத்தில், எல்லோர் முன்னாலும் கூடையோடு நின்றேன். "அடுத்த வருஷம் ஒரு மீன் செத்தாலும் ஏரியும் இல்ல, வீடும் இல்ல" என்றார்.

இந்த வருடம் ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் நிறைய இருக்கிறது, அடியில் குளிர்ச்சி இருக்கிறது. நேற்று துரை படகுத்துறைக்கு வந்தார். அங்கே கல்லில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. தண்ணீர் அதுவரை நிற்கலாம். அதற்கு மேல் ஏறாமல் கலங்கு வழியாக உபரித் தண்ணீர் வெளியே போய்விடும். தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து "குட்" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் குட். பரிசு வாங்கிய பிள்ளைபோல் வீட்டுக்கு ஓடிவந்து கிளியிடம் சொன்னேன்.

மே 23

நீர் 18. காற்று துளியும் இல்லை. மீன் இல்லை.

இன்று ஒன்று நடந்தது. எழுதி வைக்கிறேன், எழுதினால் சின்னதாகிவிடும்.

மிதக்கும் நூல் போட்டிருந்தேன். நூலில் ஒரு கம்பளி உருண்டை, அதற்குக் கீழே பூச்சி. காற்றில்லாத நேரத்தில் உருண்டை போட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். மீன் தொட்டால் அமிழும். நின்ற நீரில் வேறு அசைவுக்கு இடமில்லை.

உருண்டை நகர்ந்தது. கரையைப் பார்த்து, மெதுவாக, ஒரு கை தூரம், இரண்டு கை தூரம். இலை ஒன்று பக்கத்தில் மிதந்தது, அதுவும் கூடவே போனது. இரண்டும் கரைக்கு நாலு முழம் இப்பால் ஓர் இடத்தில் போய் நின்றன. படகை மாற்றிப் போட்டு மறுபடி வீசினேன். மறுபடியும் அதே இடம். ஆறு தடவை.

அடியில் ஊற்று இருக்கலாம்.

மே 24

நீர் 17. காற்று இல்லை.

அதே இடத்தில் மூழ்கும் நூலை விட்டேன். பேச்சி வீடு, சோலை வீடு என்று தொடங்கி எங்கள் வீடு வரை வந்தேன். பூச்சி தரை தொடவில்லை. சொல்ல எனக்கு இனி வீடு இல்லை. நூல் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.

நூலைச் சுருட்டிவிட்டேன். கரைக்கு வந்து ஒரு பீடி பற்ற வைத்து, பற்றியதா இல்லையா என்றே பார்க்காமல் வெகுநேரம் வாயில் வைத்திருந்தேன். வேகமாக எண்ணியிருப்பேன். பயந்தால் அப்படி ஆகும்.

மே 25

நீர் 17.

வேகமாக எண்ணவில்லை. இன்று எங்கள் வீடு முடிந்து, மறுபடி பேச்சி, சோலை, கருப்பாயி, ராசலிங்கம் வரை போனேன். அப்போது நூல் இழுபட்டது. மீன் இழுப்பு விட்டு விட்டு வரும். இது விடவே இல்லை. கோல் வளைந்து, நூல் நுனியில் கட்டிய தங்கூசி நரம்பு அறுந்து, பூச்சி போய்விட்டது. கறுப்புச் சேவல் இறகு, கிளியின் பழைய அரக்குச் சுவெட்டரில் பிரித்த கம்பளி வால். அந்தச் சுவெட்டரைப் பிரித்ததற்காக ஒரு வாரம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். ஏரியின் அடியில் வாய் இருக்கிறது, அது கரைக்குள் போகிறது. கரைக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வீடு.

மே 27

நீர் 17. மழை.

பதினோரு சாக்கில் களிமண் கட்டி, படகில் ஏற்றி, அந்த இடத்தில் இறக்கினேன். சோறு இறங்கவில்லை. கிளி தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இடுப்புப் பிடிப்பு என்றேன்.

மே 28

சாக்கு பிடித்துக்கொண்டது. உருண்டை நகரவில்லை. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 29

நகர்கிறது.

மே 30

நீர் பார்க்கவில்லை.

கரையின் அடிவாரத்தில், லைன் வீடுகளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பீலி இருக்கிறது. மூங்கில் குழாயில் எப்போதும் தண்ணீர் விழும். பெண்கள் அங்கேதான் குடம் வைப்பார்கள். காலையில் கிளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க பூச்சி. கொடத்துல விழுந்துச்சு. நல்லவேள யாரும் முழுங்கல."

கறுப்பு இறகு. அரக்குக் கம்பளி வால். அறுந்த தங்கூசி ஒரு விரல் நீளம்.

"சட்டையில ஒட்டிக்கிட்டுப் போயி விழுந்திருக்கும்" என்றேன்.

"நான் கொடத்த மூணு தடவ கழுவித்தான் வெச்சேன். பீலியில இருந்து விழுந்துச்சு, பாத்துக்கிட்டே நின்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "தண்ணியும் முந்தி மாதிரி இல்ல, வேகமா வருது" என்றாள்.

ஏரியில் போன பூச்சி வீட்டுக் குடத்தில் வந்திருக்கிறது. துளை கரையை முழுதாகத் தாண்டிவிட்டது. அவள் பூச்சியைச் சேலை முந்தியில் குத்திக்கொண்டாள்.

மே 31

துரையிடம் போனேன். போவதற்குள் மூன்று தடவை திரும்பி வந்தேன்.

"தொரை, கரையில ஓட்டை விழுந்திருக்குங்க. பூச்சி அந்தப் பக்கம் வந்திருச்சுங்க."

குடை பிடித்துக்கொண்டு படகுத்துறை வரை வந்தார். கல்லைப் பார்த்தார். "தண்ணி கோட்டுலதானே நிக்குது? கோட்டத் தாண்டினாத்தான் கரைக்கு ஆபத்து. எஞ்சினீயர் கணக்குப் போட்டு அடிச்ச கோடு. இந்தக் கரை நூறு வருஷமா அந்தக் கணக்குலதான் நிக்குது. கசிவு எல்லாக் கரையிலயும் இருக்கும். போன வருஷம் கன்னுக்குட்டியச் சிறுத்தைன்னு சொல்லி அத்தனை பேரையும் ஸ்கூல்ல கொண்டுபோய் அடைச்சவன்தானே நீ?"

போகத் திரும்பியவர் நின்றார்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க தொரை" என்றேன்.

ஜூன் 1

மழை. பருவமழை ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது என்கிறார்கள்.

கலங்கில் கொஞ்சம் வேலை இருந்தது. முடியவில்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 2

மழை நிற்கவில்லை. தண்ணீர் கோட்டுக்கு மேலே நாலு விரல்.

கிளி மத்தியானமே மலையிலிருந்து வந்துவிட்டாள். என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்ததைக் காலையில் கஞ்சி குடிக்கும்போது பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் படகுத்துறைக்குப் போயிருக்கிறாள். கொட்டகையில் இருந்த பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் கை தோள் வரை நனைந்திருந்தது.

"அந்தக் கல்லுல கைய உட்டுப் பாத்தேன். ஒன்றரை அடி கீழ சொரசொரன்னு இருக்கு, சொரண்டுன மாதிரி. பழைய கோடு அங்கதான இருந்துச்சு?"

நான் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"தண்ணி வெளிய போகாம கலங்குல பலகை எறக்கியிருக்கீங்களா?"

அவள் கேட்டதை எழுதிவிட்டேன். நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நெம்பினோம். மரம் ஊறிப் பருத்துக் கல் இடுக்கில் இறுகிவிட்டது. மேலே தண்ணீர் வேறு அழுத்துகிறது. மேல் பலகையில் ஒரு சில்லு பெயர்ந்ததோடு சரி.

"நாலு ஆம்பளைங்க வந்தா எடுத்துரலாம். போய்க் கூப்புடுறேன்" என்றாள்.

"பலகை எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க புள்ள. விடியட்டும். விடிஞ்சதும் நானே கூப்புடுறேன்."

மழையில் நின்றுகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். விடியட்டும் என்று நான் சொன்னேன். அவள் சொல்லவில்லை. அதையாவது எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3

காலை ஆறரைக்குப் பீலியில் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. கரையின் மண் கரைந்து வருகிறது. நாலு ஆளைக் கூப்பிடுவதற்கெல்லாம் நேரம் போய்விட்டது.

கிளி பெரட்டுக் களத்துக்கு ஓடித் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தாள். எல்லோரும் வந்தார்கள். சிரித்தார்கள். "மருதண்ணே, இன்னிக்கு என்ன, எலியா?" என்று ஆரோக்கியம்தான் கேட்டான். கிளி முந்தியிலிருந்து பூச்சியைக் கழற்றிக் காட்டினாள். "ஏரியில அறுந்து போனது. என் கொடத்துல வந்து விழுந்துச்சு. கரைக்குள்ள வழி இருக்கு. இப்ப போய்ப் பீலியப் பாத்துட்டு வந்து சிரிங்க."

போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. துரைக்கு டெலிபோன் பண்ணியபோது கிடைக்கவில்லை. யாரும் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை.

மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். பாதையின் வளைவில் நான் நின்று எண்ணினேன். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை அது ஒன்றுதான். பேச்சி வீடு, நாலு பேர், வந்தாச்சு. சோலை வீடு வந்தாச்சு. கருப்பாயி வீடு. ராசலிங்கம் வீடு. ஏழாவது ஆரோக்கியம், தோளில் மாமியாரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு. பத்து வரைக்கும் சரியாக வந்தது.

பதினொன்று சிலம்பாயி வீடு. வரவில்லை.

அவள் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவள். தனியாள். காலையில் வந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு தூங்குவாள். தண்டவாளச் சத்தம் கேட்டிருக்காது.

நான் கீழே ஓடினேன். தைரியம் என்று அதைச் சொல்ல மாட்டேன். கால்சட்டை நனைந்தது, மழையால் மட்டும் இல்லை. ஆனால் எண்ணிக்கை பதினொன்றில் நின்றுபோனால் அதற்குக் காரணம் ஏரி இல்லை, நான். மேலே நின்றுகொண்டு அதைப் பார்ப்பது கீழே போவதைவிடப் பயமாக இருந்தது.

கதவை உடைத்தேன். "என்னண்ணே, வீடு பூந்து எழுப்புறீங்க" என்று எழுந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். தேயிலைச் செடிகளுக்குள் பாதி மேடு ஏறியபோது பின்னால் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். இடி நிற்கும். இது நிற்கவில்லை. நான் திரும்பவில்லை. சிலம்பாயி திரும்பிப் பார்த்து, "என் வீடு" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது மணி பத்து நிமிடம்.

வளைவில் கிளி நின்றுகொண்டிருந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து அவள் எண்ணி முடித்திருந்தாள். "இருபத்தொன்னும் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி" என்றாள்.

ஜூன் 4

ஏரி இல்லை. நடுவில் கரை பிளந்து, உள்ளே சேறு, சேற்றில் மீன்கள். எவ்வளவு என்று எண்ணவில்லை. காகங்கள் எண்ணட்டும்.

பதினான்கு வீடு போய்விட்டது. ஒன்றிலிருந்து பதினான்கு. மேட்டில் உள்ள எட்டு நிற்கிறது. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை. பதின்மூன்றாவது வீட்டுப் பழனியாண்டியின் இரண்டு மாடு போயிற்று. மனிதர் ஒருவருக்கும் சேதமில்லை.

கலங்கில் கொஞ்சம் வேலை இருந்தது. தண்ணீர் இல்லாததால் ஒரு கையாலேயே வந்துவிட்டது. இரண்டு பலகையையும் படகுக் கொட்டகையில் வைத்தேன். கல்லில் இருந்த கோட்டையும் சுரண்டிவிட்டேன்.

ஜூன் 6

பள்ளிக்கூடத்தில் எனக்கு மாலை போட்டார்கள். காட்டுச் சாமந்தியில் சிலம்பாயி கட்டியது. "அண்ணே பயந்ததாலதான் நாம பொழச்சோம். இனிமே யாராவது பயந்தாங்கொள்ளின்னு சொன்னா பல்லு இருக்காது" என்று ஆரோக்கியம் எல்லோர் முன்னாலும் சொன்னான். அவன் குடும்பம் இப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறது. பேச்சி என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆபீஸ் கிளார்க் வந்து வாக்குமூலம் எழுதினார். காரணம் கனமழை, பழைய கரை. "துரையும் அப்படித்தான் எழுதச் சொன்னார். நீ முன்னாடியே எச்சரிச்சதையும் சேத்திருக்கேன் மருதை, உனக்கு நல்லது. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு." தாள் இந்த டைரிக்குள் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கிளிக்குத் தெரியும், ஆனால் அவள் சொல்ல மாட்டாள். நேற்றே சொல்லிவிட்டாள்: "என் வாயால வராது. அது உங்க வாயால வரணும்."

தண்ணீர் போய்விட்டது. பயம் போகவில்லை, கூடியிருக்கிறது. முன்பு கரை உடையும் என்று பயந்தேன். இப்போது ஆரோக்கியம் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயப்படுகிறேன்.

ஜூன் 7

மத்தியானம் கிளி எனக்கும் ஆரோக்கியத்துக்கும் சோறு போட்டாள். தரை ஈரமாக இருக்கிறது என்று உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டாள். இரண்டு பலகை. துடைத்து, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அதில்தான் ஆரோக்கியம் உட்கார்ந்தான். விரலால் தட்டிப் பார்த்தான். "நல்ல தேக்குண்ணே. எங்க புடிச்சீங்க? வீடு கட்டுனா கதவு நெலைக்கு ஆகும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். கிளி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "உக்காருங்கண்ணே, சோறு ஆறுது" என்றான் அவன், பக்கத்துப் பலகையைக் கையால் துடைத்துவிட்டு.

உட்காரவில்லை. உள்ளே போய் டைரியை எடுத்தேன். பிறகு கிளார்க் கொடுத்த தாளைக் கையெழுத்துப் போடாமல் மடித்து, ஏப்ரல் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இடம் இருக்கிறது. எழுதிவிட்டு, நாளை காலைப் பெரட்டில், போன வருடம் மீன் கூடையோடு நின்ற அதே இடத்தில் நின்று படிக்கப் போகிறேன். கிளியிடம் சொன்னேன். "சத்தமாப் படிங்க. உங்களுக்குப் பயத்துல தொண்ட அடைச்சிக்கும்" என்றாள்.

அடைக்கும். அதனால் இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு அங்கே பிரதி எடுக்கிறேன்.

ஏப்ரல் 11

நீர் 20 டிகிரி. காற்று இல்லை. மீன் பிடிக்கவில்லை.

இன்று கலங்கின் கல் இடுக்கில் இரண்டு தேக்குப் பலகை இறக்கினேன். படகுத்துறைக் கல்லில் இருந்த கோட்டைச் சுரண்டிவிட்டு, ஒன்றரை அடி மேலே வெள்ளைப் பெயின்டில் புதுக்கோடு போட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. மீன் செத்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும் என்று பயந்து நானாகச் செய்தேன். கரை தாங்குமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான். மே மாதம் ஓட்டை தெரிந்த பிறகும் பதினோரு நாள் பலகையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தேன். துரை கேட்டபோதும் இல்லை என்றேன்.

பேச்சி வீடு. சோலை வீடு. கருப்பாயி வீடு. ராசலிங்கம் வீடு. மருதாயி வீடு. தங்கையா வீடு. ஆரோக்கியம் வீடு. பொன்னுத்துரை வீடு. முத்துவீரன் வீடு. சிட்டம்மா வீடு. சிலம்பாயி வீடு. ஜோசப் வீடு. பழனியாண்டி வீடு. காளியம்மா வீடு.

இத்தனையும் தண்ணீரில் நான் இறக்கியது.